வசனம் கிடைத்தது, வாக்கு கொடுத்தோமா?

ஜனவரி முதல் வாரம் முழுவதும் நம் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு கேள்வி சுற்றி வரும். "இந்த வருஷம் உங்களுக்கு என்ன வசனம் வந்துச்சு?" கோவில் வாசலில் கேட்பார்கள், தொலைபேசியில் கேட்பார்கள், காய்கறிக் கடையில் நின்றுகொண்டும் கேட்பார்கள். பதில் சொல்பவர் முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும். நல்ல வசனம் வந்தவருக்குப் பூரிப்பு கொஞ்சம் கூடுதல்.

வாசக அன்பர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். டிசம்பர் 31 நள்ளிரவு வழிபாடு முடிந்ததும் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு வேத வசனம் அச்சாகியிருக்கும். அதுதான் அந்த ஆண்டுக்குக் கடவுள் உங்களுக்குத் தரும் வாக்குத்தத்தம். முன்பு சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் கத்தோலிக்கர்களிடமும் பரவிவிட்டது. வாட்ஸ்அப்பிலும் வருகிறது. ஒரு பெட்டியைத் தொட்டால் வசனம் திறக்கும்.

டிசம்பர் 31 இரவு கோடம்பாக்கம் தூங்குவதில்லை. ஆற்காடு சாலையில் பைக் பையன்களின் கூச்சல். அதற்கு நடுவே புடவையும் வேட்டியுமாகப் பாத்திமா அன்னை கோவிலுக்குப் போகும் குடும்பங்கள், பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கள் சபைகளுக்கு விரையும் குடும்பங்கள். விடிந்தால் வடபழனி முருகன் கோவிலில் நீண்ட வரிசை. ஆங்கிலப் புத்தாண்டு நம்முடையதா, இல்லையா என்ற விவாதத்தை மக்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். ஆண்டு பிறக்கும்போது ஆண்டவன் சந்நிதியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இதில் சந்தோஷமே.

என் கேள்வி வேறு. அந்த நள்ளிரவில் நாம் அங்கே போவது எதற்கு? விசுவாசத்தைப் புதுப்பித்துக்கொள்ள என்று சாமியார்களும் சொல்கிறார்கள், போதகர்களும் சொல்கிறார்கள். புதுப்பித்தல் என்றால் என்ன? 33 வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால், எனக்கு அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஓர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். கடவுளின் தரப்பை அட்டையில் அச்சடித்து வாங்கி வந்துவிடுகிறோம். நம்முடைய தரப்பு எங்கே?

இந்த அட்டைக்கு முன்னோடி போன்ற ஒரு வழக்கம் ஐரோப்பாவில் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவியச் சகோதரர்கள் என்ற சபையினர் வாழ்ந்தார்கள். 1728 மே மாதத்தில் அவர்களுடைய தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு, மறுநாளைக்கான ஒரு வாக்கியத்தை மாலை வழிபாட்டில் கொடுத்தார். பிறகு தினமும் ஒன்று. காலையில் வீடு வீடாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வருவார்கள். 1731-ல் இருந்து ஆண்டு முழுமைக்குமான வாக்கியங்கள் புத்தகமாகவே அச்சாகின்றன. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் அங்கே சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். இந்தச் சகோதரர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து சில பத்தாண்டுகள் இருந்துவிட்டுப் போனவர்கள். நம் அட்டை அவர்கள் வழியாக வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் அந்த வாக்கியத்துக்கு வைத்த பெயர்தான் முக்கியம். 'லோசுங்' என்றார்கள். காவல் நிற்கும் சிப்பாய்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் அடையாளச் சொல் என்று அதற்குப் பொருள். இன்று நீ யாருடைய ஆள், எங்கே காவல் நிற்கிறாய் என்று நினைவூட்டும் சொல். உனக்கு என்ன கிடைக்கப் போகிறது என்ற ஜோசியம் அதில் இல்லை.

நம்மிடம் அது கிளி ஜோசியச் சீட்டாக மாறிவிட்டதோ என்பதுதான் என் வருத்தம்.

என் தங்கை மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் இருந்தான். ஒரு ஜனவரியில் அவனுக்கு உபாகமம் 28-ம் அதிகாரத்தின் அந்தப் பிரபலமான வசனம் வந்தது, தலையும் வாலும் பற்றியது. நம் ஊரில் அதைத் தெரியாத கிறிஸ்தவர் இல்லை, ஆட்டோக்களின் பின்புறம்கூட எழுதியிருக்கும். "மாமா, இந்த வருஷம் டீம் லீடர் நிச்சயம்" என்றான். ஜூன் மாதம் ஆட்குறைப்பில் வேலை போயிற்று. வேலை போனதைவிட, "அப்போ கடவுள் சொன்னது பொய்யா மாமா?" என்று அவன் கேட்டதுதான் வீட்டில் எல்லோரையும் உலுக்கியது. பிறகு வேறு வேலை கிடைத்தது. கோவிலுக்கு மட்டும் அவன் திரும்பவில்லை.

நான் அவனிடம் பைபிளைத் திறந்து காட்டினேன். அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதங்கள் முதல் 14-ல் முடிந்துவிடுகின்றன. மீதி 54 வசனங்களும் எச்சரிக்கை, சாபம். தலையும் வாலும் பேசும் அந்த வசனத்திலேயே, கட்டளைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனை சேர்ந்தே இருக்கிறது. மேலும் அது ஒரு மக்கள் கூட்டத்துக்கே சொல்லப்பட்டது, தனி ஒருவனின் பதவி உயர்வுக்காக அல்ல. ஓர் அரசாணையில் நிபந்தனைகளை மடித்து மறைத்துவிட்டு, சலுகைப் பத்தியை மட்டும் நகலெடுத்து ஒருவனிடம் கொடுத்தால் அவன் கருவூலத்தில் போய்ச் சண்டைதான் போடுவான். தவறு அவனுடையதா, நகலெடுத்தவருடையதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு வருஷங்களுக்கு முன் ஜனவரியில் என் மனைவிக்குக் கிடைத்த அட்டை, நீண்ட ஆயுளைப் பற்றிய ஒரு சங்கீத வசனம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். மார்ச்சில் நோய் தெரிந்தது. ஆகஸ்டில் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த அட்டையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒரு பெண்மணி அதை எடுத்து ஒளித்தும் வைத்துவிட்டார். என் மனைவிக்கு அந்தச் சங்கடம் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், நான்தான் அந்த வசனத்தைச் சொல்லித் தைரியம் கொடுக்கப் பார்த்தேன். அவள் கையை ஆட்டி நிறுத்தினாள். "அது அவரு சொன்னதுங்க, அவரு பார்த்துக்குவாரு. நான் சொன்னது ஒண்ணு இருக்கே, அதைச் சொல்லுவோம். நீங்க ஆரம்பிங்க" என்றாள். இருவரும் விசுவாசப் பிரமாணம் சொன்னோம். பாதியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி சொல்லி, முடித்தாள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாக அவள் சொல்லிவிட்டாள். நாம் சொன்ன ஒரு சொல் இருக்கிறது. வருஷப் பிறப்பில் புதுப்பிக்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில், என் சிறு வயதில், 'கொம்யூனியோன் சொலன்னெல்' என்று ஒரு சடங்கு உண்டு. பன்னிரண்டு வயதையொட்டி நடக்கும். எனக்கு 1962-ல் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. வீட்டில் பெரியவர்கள் எந்த நாட்டுக் குடியுரிமை என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பையன்கள் வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுவர்த்தியுமாக வரிசையில் நின்றோம். பூசை இலத்தீனில். ஆனால் அந்தக் கேள்வி-பதில் மட்டும் பிரெஞ்சில். பசாசை விட்டுவிடுகிறாயா, அதன் கிரியைகளை விட்டுவிடுகிறாயா, பிதாவை விசுவசிக்கிறாயா, சுதனை விசுவசிக்கிறாயா என்று கேட்பார். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றபோது ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் நமக்காகச் சொன்ன பதிலை இப்போது நாமே, நம் வாயால் சொல்ல வேண்டும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரெனுவெல்மான்', அதாவது புதுப்பித்தல். அந்தப் பதிலில் 'நாங்கள்' கிடையாது. 'நான்' மட்டும்தான்.

இதைப் பெரிய அளவில் செய்தவர் லூயி-மரி கிரின்யோன் தெ மோன்ஃபோர் என்ற பிரெஞ்சுக் குரு (1673–1716). ஏற்காடு மான்ஃபோர்ட் பள்ளி அவர் பெயரில் உள்ளதுதான். மேற்கு பிரான்சின் கிராமங்களில் நடந்தே போய்ப் பிரசங்கம் செய்தவர். ஒவ்வொரு ஊரிலும் மக்களைத் தங்கள் ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிக்கச் செய்வார். அதற்கு ஒரு தாளும் உண்டு. கடவுளோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை ஒப்பந்தம் என்று அதற்குத் தலைப்பு. அதில் கையெழுத்திட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எழுத்தர் உத்தியோகம் பார்த்தவனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? அங்கே வீட்டுக்குப் போன தாளில் இருந்தது மக்கள் கொடுத்த வாக்கு.

சீர்திருத்தச் சபைகளிலும் இதே எண்ணம் இருந்தது. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1755 ஆகஸ்டில் லண்டனில் ஏறத்தாழ 1,800 பேரை எழுந்து நிற்க வைத்து, கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கச் செய்தார். நடந்த இடம், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த பிரெஞ்சுக்காரர்களின் கோவில். இதைப் படித்தபோது என் பிரெஞ்சுப் படிப்புக்கு ஒரு சின்னப் பெருமை! பின்னாளில் அந்த வழிபாடு புத்தாண்டை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு நிலைத்தது. 1947 செப்டம்பர் 27 அன்று நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெத்தடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். உடன்படிக்கை வழிபாடும் அவர்களோடு வந்தது.

அலுவலக நண்பர் ஒருவர் அந்த மரபில் வந்தவர். ஓய்வு பெற்ற முதல் ஜனவரியில் என்னை அழைத்துப் போனார். அந்த வழிபாட்டில் ஒரு வேண்டுதல் வருகிறது. கடவுளே, என்னை வேலைக்கு வைத்துக்கொண்டாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற பொருளில் போகும். ஓய்வு பெற்று எட்டு மாதம், காலையில் எங்கே போவது என்று தெரியாமல் கோடம்பாக்கம் ரயில் நிலையம் வரை நடந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஒதுக்கி வைத்தாலும் சரி என்று எல்லோரும் சேர்ந்து சொன்னபோது எனக்கு வாய் எழ நேரம் பிடித்தது. அட்டையில் எந்த வசனம் வந்திருந்தாலும் அன்று எனக்கு அந்த அளவுக்கு உதவியிருக்காது.

எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் இன்று ஈஸ்டர் சனி இரவில் எல்லோரும் மெழுகுவர்த்தி ஏந்தி வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். இது தொன்றுதொட்டு இப்படியே இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்கா இரவு வழிபாட்டைத் திருத்தந்தை 12-ம் பத்திநாதர் 1951-ல் சீரமைத்தபோதுதான் சபையோர் அனைவரும் சேர்ந்து புதுப்பிக்கும் பகுதி அதில் சேர்ந்தது. ஆக, ஈஸ்டருக்கு ஒரு புதுப்பித்தல் இருக்கிறது. புத்தாண்டுக்கும் தனியாகவோ குடும்பமாகவோ அதையே செய்ய என்ன தடை?

"ஞானஸ்நானம் ஒரே தரம்தானே, அதை ஏன் வருஷா வருஷம் புதுப்பிக்கணும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அரசு ஊழியருக்குப் பணிப் பதிவேடு என்று ஒன்று உண்டு, சர்வீஸ் புக். வேலையில் சேரும்போது ஒரே தரம்தான் திறப்பார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இவர் இந்த வருஷம் பணியில் இருந்தார் என்று சரிபார்த்து அலுவலகத் தலைவர் கையெழுத்திட வேண்டும். இடையில் சில வருஷங்கள் அந்தக் கையெழுத்து விட்டுப்போனால் ஓய்வூதியக் கணக்குப் போடும்போது படாத பாடு படவேண்டும். புத்தகம் புதிதில்லை, சேர்ந்த தேதியும் மாறாது. இந்த வருஷமும் இருந்தேன் என்ற குறிப்புத்தான் புதியது.

சரி, எதை விட்டுவிடுகிறோம்? இங்கேதான் நமக்கு வாய் குழறுகிறது. பசாசு என்றால் கொம்பு வைத்த உருவம் என்று வைத்துக்கொண்டால் விட்டுவிடுவது ரொம்பச் சுலபம். பக்கத்தில் இருக்கும் விஷயத்தை எடுத்துக்கொள்வோம்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745-ல் ஒரு செய்தி. அப்போது புதுச்சேரி சம்பா கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் தாழ்த்தப்பட்டவர்கள். மறுபக்கத்தவர் ஒன்றுசேர்ந்து குருக்களிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் எல்லோரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. அவர்கள் சட்டம் எதையும் காட்டி வாதாடவில்லை. எல்லோருக்கும் கிடைத்த ஒரே ஞானஸ்நானம்தான் அவர்களுடைய வாதம்.

அந்தச் சம்பவம் நடந்து 280 ஆண்டுகள் ஆகின்றன. நம் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் கிறிஸ்தவ மணமகன், மணமகள் தேவைப் பகுதியைத் திறந்து பாருங்கள். ஆர்.சி. என்ற இரண்டெழுத்துக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் நிற்கிறது. அந்த விளம்பரத்தைக் கொடுத்தவரும் டிசம்பர் 31 இரவு தட்டிலிருந்து ஆசீர்வாத வசனம் எடுத்துக்கொண்டு வந்தவராகத்தான் இருப்பார். செங்கல் போய்விட்டது, சுவர் இருக்கிறது. இதை விட்டுவிடுகிறேன் என்று சொல்லாமல் எதைப் புதுப்பிக்கிறோம்?

சிறியவையும் உண்டு. அண்ணன் தம்பிக்கு நடுவே பத்து வருஷமாகப் பேச்சில்லாமல் கிடக்கும் பாகப்பிரிவினை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர். அபார்ட்மென்ட் சங்கத்தில் ஒருவர் எழுந்துபோனதும் ஆரம்பிக்கும் புறணி. எல்லாவற்றையும் ஒரே இரவில் விட முடியாது. ஒன்றை விடலாம். வருஷத்துக்கு ஒன்று என்றாலும் எழுபது வயதுக்குள் கணிசமாகக் குறைந்திருக்கும்.

அட்டை ஆறுதல் தருகிறதே, அதை ஏன் குறை சொல்கிறீர்கள் என்பார்கள். அட்டையை நான் கிழிக்கச் சொல்லவில்லை. வேதம் முழுக்க வாக்குத்தத்தம் இருக்கிறது, கஷ்டத்தில் இருப்பவருக்கு ஒரு வசனம் ஊன்றுகோல்தான். அதை அந்தச் சிப்பாய்களின் அடையாளச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். வசனத்தை எடுத்ததும் முழு அதிகாரத்தையும் படியுங்கள். கூடவே, அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்து வெற்றிடத்தில் உங்கள் வாக்கை எழுதுங்கள். ஒரே வரி போதும்.

இன்னொரு யோசனையும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் மக்களைப் பார்த்து, உங்கள் ஞானஸ்நானத் தேதி எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார். தெரியாதவர்கள் வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள் என்றார். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறோம், இந்தத் தேதி தெரிவதில்லை. உங்கள் பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், சாமியாரின் கையெழுத்து, ஓரத்தில் பின்னாளில் நடந்த உறுதிபூசுதல், திருமணக் குறிப்பு எல்லாம் ஒரே வரிசையில். நான் பார்த்த பதிவேடுகளில் இவ்வளவு சுருக்கமாக ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சொல்லும் பதிவேடு வேறில்லை. இந்த ஜனவரியில் அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டு, நாட்காட்டியில் வட்டம் போட்டுவிடுங்கள். உங்கள் ஞானப்பெற்றோர் உயிரோடு இருந்தால் ஒரு போன் செய்யுங்கள்.

என்னைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருக்கிறோம் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் இயந்திரம் என்னை இரண்டு மூன்று தரம் மறுத்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறது. இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலும் போதும் என்கிறார்கள். விசுவாசத்துக்கு இந்த வசதி இன்னும் வரவில்லை. அதற்கு நாமே வாய் திறந்து, நான் விசுவசிக்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். குரல் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, பாதியில் மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை.

எல்லா மத வாசகர்களுக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். எங்கள் ஊர் வழக்கப்படி: போன் அன்னே, போன் சாந்தே. நல்ல ஆண்டு, நல்ல ஆரோக்கியம்.